பிஞ்சு நரம்பின் ஏற்பிகள்

கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தில் ஆர். பூபதியின் ஆய்வுக் குழு, அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்து ஒக்ஸானா லாக்ரிட்ஜ், ஜெர்மனியின் பால் லேயர் ஆகியோருடன் சேர்ந்து 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அறுவை அரங்குகளில் ‘ஸ்கோலின்’ என்ற பெயரில் அறியப்படும் சக்சமெத்தோனியம் என்ற மருந்தைச் சிதைக்கும் நொதி ஒன்று நம் இரத்தத்தில் இருக்கிறது. பியூட்டைரைல்கொலினெஸ்டரேஸ் என்பது அதன் பெயர். ஐரோப்பியர்களில் இந்த நொதி அறவே செயல்படாதவர்கள் இலட்சத்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். கோவை வட்டாரத்து ஆரிய வைசியச் சமூகத்திலோ ஏறக்குறைய நூற்றுக்கு நால்வர் அப்படி இருப்பது தெரியவந்தது. மரபணு மாற்றத்தால் நொதியின் 307ஆவது இடத்து அமினோ அமிலம் லியூசினிலிருந்து புரோலினாக மாறியிருந்ததே காரணம். ஆந்திரத்து வைசியர்களிடம் இந்தக் குறை மிகுதி என்று 1979இலேயே ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. அதன் மரபணு வேரைக் கண்டது கோவை ஆய்வு. இந்தக் குறை உள்ளவர்கள் நோயாளிகள் அல்லர். நம்மைப் போலவே பிறந்து வளர்ந்து, படித்து, வணிகம் செய்து, பிள்ளை பெற்று வாழ்பவர்கள். அறுவை மேசையில் ஸ்கோலின் போட்டால் மட்டும் சிக்கல் வரும். மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் தெளிகிற தசைச் செயலிழப்பு இவர்களுக்கு மணிக்கணக்கில் நீளும். அதுவரை வென்டிலேட்டர்தான் மூச்சு.

இந்த ஆய்வில் பால் லேயரின் பெயர் இருப்பது கவனிக்க வேண்டியது. அவர் கோழிக் கருவின் நரம்பு வளர்ச்சியை ஆராய்ந்தவர். நரம்பு முளைத்து முதல் செய்தியை அனுப்பும் முன்பே, செல்கள் பெருகிக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே இதே நொதி கருவில் தலைகாட்டுகிறது என்று காட்டியவர். கருவில் அவ்வளவு முன்னதாக வரும் ஒன்று அடியோடு இல்லாதவர்களும் எப்படி நலமாகப் பிறக்கிறார்கள்? அதன் உறவு நொதியான அசிட்டைல்கொலினெஸ்டரேஸ் வேலையைப் பகிர்ந்துகொள்கிறது என்பதே இதுவரையான நல்ல விடை. அசிட்டைல்கொலினெஸ்டரேஸ் இல்லாத எலிகளை உருவாக்கியபோது அவையும் பிறந்து, தடுமாறியபடி சில காலம் உயிர் வாழ்ந்தன. அங்கே மற்ற நொதி கைகொடுத்தது. ஆக, வளரும் நரம்பு மண்டலத்தில் சிலவற்றுக்கு மாற்று ஆள் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. எதற்கு உண்டு, எந்த வயதில் உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மருந்தோ நஞ்சோ குழந்தையை என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. நம் மருத்துவமனைகளிலும் வயல்களிலும் இந்தக் கேள்வி போதுமான அளவு கேட்கப்படவில்லை என்பதே என் வாதம். பெரியவரின் உடம்பில் ஒரு வேதிப்பொருள் செய்வதை வைத்து, எடைக்கேற்பக் குறைத்து, குழந்தைக்குக் கணக்குப் போடுகிறோம். ஆனால் வேதிப்பொருளின் வேலையைத் தீர்மானிப்பது அது போய் ஒட்டும் ஏற்பி. அந்த ஏற்பி வயதோடு மாறுகிறது.

நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோவது அசிட்டைல்கொலின். தசைச் செல்லின் மேல் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி, ஐந்து புரத உறுப்புகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளை விட்ட அமைப்பு. அசிட்டைல்கொலின் ஒட்டியதும் துளை திறக்கும். சோடியம் உள்ளே பாயும், தசை சுருங்கும். கருவில் இந்த ஐந்தில் இரண்டு ஆல்ஃபா, ஒரு பீட்டா, ஒரு டெல்டா, ஒரு காமா. வளர்ந்த தசையில் மற்ற நான்கும் அப்படியே இருக்க, காமா மட்டும் போய் எப்சிலான் வந்து உட்காருகிறது. சென்னிமலைத் தறியில் பாவு அதேதான், ஊடை நூலை மட்டும் மாற்றினாலும் இறங்கும் போர்வை வேறாகிவிடுவதைப் போன்றது இது. ஜப்பானின் கியோட்டோவில் ஷோசாகு நூமாவும், ஜெர்மனியின் கேட்டிங்கனில் பெர்ட் சாக்மானும் சேர்ந்து 1986இல் இதை மெய்ப்பித்தார்கள். ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைக்குள் இந்தப் புரதங்களைத் தனித்தனிச் சேர்க்கையாக உண்டாக்கி, ஒவ்வொரு துளை வழியாகவும் பாயும் மின்னோட்டத்தை அளந்தார்கள். காமா இருந்தால் துளை நீண்ட நேரம் திறந்திருந்தது, ஆனால் ஓட்டம் குறைவு. எப்சிலான் வந்தால் ஓட்டம் மிகுதி, திறந்திருக்கும் நேரம் குறைவு. செய்திப்பொருள் ஒன்றே, கேட்கும் காது வேறு. கருவில் இந்த ஏற்பிகள் தசை முழுவதும் பரவியும் கிடக்கின்றன. பிறகுதான் நரம்பு தொடும் ஓரிடத்தில் திரள்கின்றன. ஒரே தசை நாருக்குப் பல நரம்பிழைகள் போட்டியிடுவதும், அவற்றில் ஒன்று நிலைத்து மற்றவை பின்வாங்குவதும் அதே காலத்துக் கதை.

கருவுக்கென்று தனி ஏற்பி எதற்கு? 1962இல் டேனியல் டிராக்மேனும் கூட்டாளியும் கோழிக் கருவுக்குக் குராரே என்ற நஞ்சைத் தொடர்ந்து செலுத்தித் தசை ஏற்பிகளை அடைத்துப் பார்த்தார்கள். குஞ்சின் மூட்டுகள் மடங்கி இறுகிப்போயின, பாதம் வளைந்தது. முட்டைக்குள் குஞ்சு துள்ளிக்கொண்டே இருந்தால்தான் மூட்டு மூட்டாக உருவாகும் என்று அதிலிருந்து தெரிந்தது. பல நரம்பிழைகள் மெல்லிதாகத் தட்டும் அந்தப் பருவத்தில், சிறிய தட்டலுக்கும் நீண்ட நேரம் திறந்து நிற்கும் ஏற்பியே அந்தத் துள்ளலுக்கு ஏற்றது. கோழிக்குச் சொன்னது மனிதருக்கும் பொருந்துமா என்று யாரும் கேட்பார்கள். பொருந்தும் என்பதற்குச் சான்று ஆய்வுக்கூடத்திலிருந்து வரவில்லை, சில தாய்மார்களிடமிருந்து வந்தது. நடந்து திரிந்து, பெரிய தொல்லை எதுவும் இல்லாத சில பெண்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக மூட்டு இறுகிய குழந்தைகள் பிறந்தன. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஞ்சலா வின்சென்ட்டும் சகாக்களும் 1995இல் அவர்களுடைய இரத்தத்தைச் சோதித்தபோது, அசிட்டைல்கொலின் ஏற்பிக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள் இருந்தன. அவை தாக்கியது பெரும்பாலும் காமா உள்ள கரு ஏற்பியை. தாயின் தசையில் காமா இல்லாததால் தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. நச்சுக்கொடி வழியே அந்தப் புரதம் குழந்தைக்குப் போனதும் குழந்தை வயிற்றுக்குள் அசைவற்றுப் போனது. ஒரே பொருள், இரண்டு உடம்புகளில் இரண்டு விளைவு. ஏற்பி வேறு என்பதைத் தவிர இதற்கு விளக்கம் இல்லை.

காமா மரபணுவே பழுதான குழந்தைகளும் இருக்கிறார்கள். எஸ்கோபார் நோய்க்குறி எனப்படும் இதில் கழுத்திலும் முழங்காலிலும் தோல் மடிப்புகளும் இறுகிய மூட்டுகளுமாகப் பிறக்கிறார்கள். ஆனால் பிறந்த பிறகு இவர்களுக்குத் தசைச்சோர்வு நோய் வருவதில்லை. அதற்குள் எப்சிலான் பொறுப்பேற்றுவிடுகிறது. கருவில் நடந்த குறை உடம்பில் தங்கிவிடுகிறது, குறையின் காரணம் மறைந்துவிடுகிறது. பிறந்த பிறகு ஏற்பியைச் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். இதற்கு நேர்மாறாக எப்சிலான் பழுதானவர்கள் கருவில் நன்றாக இருந்து, பிறந்த பிறகு இமை தொங்கி, பால் குடிக்கத் திணறி, ஓடினால் சோர்ந்து போகிறார்கள். எப்சிலானை அகற்றிய எலிகள் இரண்டு மூன்று மாதங்களில் இறந்துவிடுகின்றன. மனிதர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். மனிதத் தசை கரு ஏற்பியை முற்றிலும் கைவிடுவதில்லை. எப்சிலான் வராத இடத்தில் கொஞ்சம் காமா தொடர்ந்து வந்து உயிரைத் தாங்குகிறது.

இந்த எப்சிலான் பழுதுகளில் ஒன்றுக்கு இந்திய வரலாறு உண்டு. 1267ஆவது இடத்தில் ஓர் எழுத்து விடுபட்ட இந்தப் பிறழ்வு ஐரோப்பாவின் ரோமா மக்களிடம் மிகுதி. அதே பிறழ்வு, அதே மரபணுச் சூழலோடு, இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்களிலும் கிடைத்தது. 2004இல் ஆஸ்திரேலியாவில் லூபா கலாய்ஜியேவாவின் குழு இது போன்ற பிறழ்வுகளை வைத்து, இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பிரிந்த ரோமா மூதாதையர் குழுவின் வயதை 32 முதல் 40 தலைமுறை என்று கணக்கிட்டது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன் நடந்து போனவர்களின் தசைக்குள் நம் மண்ணின் அடையாளம் இருக்கிறது என்றால், அது இங்கேயே இருப்பவர்களிடமும் இருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். பிறழ்ந்த மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய் வெளிப்படும். தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் இரத்த உறவுக்குள் நடந்தவை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கொங்குப் பகுதியில் கூட்டம் என்ற குலப்பிரிவு பார்த்து, ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுப்பதில்லை என்ற கட்டுப்பாடு இருப்பதால் நெருங்கிய இரத்த உறவுக்குள் மணம் நேராது என்று பலர் நம்புகிறார்கள். கூட்டம் தந்தை வழியை மட்டுமே விலக்குகிறது. மாமன் மகளும் அத்தை மகனும் வேறு கூட்டமாக இருந்தாலும் ஒரே பாட்டியின் மரபணுவைப் பங்கிட்டவர்கள்தான். இமை தொங்கும் குழந்தையைப் பார்த்து, “போகப் போகச் சரியாயிரும்” என்று வீட்டில் காத்திருப்பதை விட நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவது மேல். இந்த வகைக் குழந்தைகளில் பலருக்குப் பைரிடோஸ்டிக்மின், சால்பியூட்டமால் போன்ற பழைய, விலை மலிந்த மருந்துகளே பலன் தருகின்றன. ஆனால் இதே நோய்க் குடும்பத்தின் வேறு சில வகைகளில் பைரிடோஸ்டிக்மின் நிலையை மோசமாக்கும். எந்த உறுப்பு பழுது என்று மரபணுச் சோதனையில் தெரிந்துகொண்டு கொடுப்பதற்கு இதுதான் காரணம்.

கரு ஏற்பி பெரியவரிடமும் திரும்பி வரக்கூடும். பெரிய தீக்காயம், நரம்பு அறுபட்ட தசை, நெடுநாள் அசையாத படுக்கை ஆகிய நிலைகளில் தசை மறுபடியும் காமா ஏற்பிகளை உண்டாக்கி மேற்பரப்பெங்கும் பரப்புகிறது. அப்போது ஸ்கோலின் போட்டால் எல்லாத் துளைகளும் ஒரே நேரத்தில் திறந்து, பொட்டாசியம் இரத்தத்தில் கொட்டி, இதயம் நின்றுபோகலாம். கோவை ஆய்வு காட்டிய ஆபத்து மருந்து சிதையாததால் வருவது. இந்த ஆபத்து ஏற்பி மாறியதால் வருவது. முந்தையதைக் குருதிச் சோதனை காட்டும். பிந்தையதை எந்தக் குருதிச் சோதனையும் காட்டாது. நோயாளியின் கதையைக் கேட்டுத்தான் ஊகிக்க வேண்டும்.

தசையில் ஐந்து உறுப்புகள்தான் என்பதால் கதை எளிது. மூளையில் ஏற்பிகளின் பன்மை பல மடங்கு. அங்கே ஒரே ஏற்பி, பருவம் மாறினால் எதிர்த்திசையில் வேலை செய்வதும் உண்டு. வளர்ந்த மூளையின் பெரிய அடக்கு தூதர் காபா. தூக்க மாத்திரைகளும் வலிப்பு மருந்தான ஃபீனோபார்பிட்டோனும் காபா ஏற்பியைத்தான் தூண்டுகின்றன. துளை திறந்தால் குளோரைடு செல்லுக்குள் போகும், செல் அமைதியாகும். இளம் நரம்புச் செல்லிலோ குளோரைடு ஏற்கெனவே உள்ளே நிறைந்திருக்கிறது. துளை திறந்தால் வெளியே போகிறது. அடக்க வேண்டிய காபா அங்கே தூண்டுகிறது. 1989இல் பிரான்சில் யெஹெஸ்கெல் பென்-ஆரியின் குழு பிறந்து சில நாளே ஆன எலிகளின் மூளையில் இதைக் கண்டது. பிறகு, 1999இல் ஃபின்லாந்தில் காய் கைலாவின் குழு, குளோரைடை வெளியேற்றும் புரதம் வயதோடு பெருகுவதே இந்தத் திருப்பத்துக்குக் காரணம் என்று நிறுவியது. இந்தத் தூண்டல் வீண் சத்தமும் அல்ல. இளம் மூளை தன்னுள்ளே எழுப்பும் இந்த மின்னலைகள் இணைப்புகளை வளர்க்கின்றன. குளுட்டமேட்டை ஏற்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பியிலும் இளமையில் ஓர் உறுப்பு, பிறகு வேறோர் உறுப்பு. இளமையின் உறுப்பு நீண்ட நேரம் திறந்திருப்பதால் கற்றல் எளிது, சேதமும் எளிது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பிறந்த குழந்தையின் மூளையில் காபா தூண்டுகிறது என்றால், வலிப்பு வந்த சிசுவுக்கு மருத்துவர்கள் ஏன் ஃபீனோபார்பிட்டோன் கொடுக்கிறார்கள்? அது தீயில் எண்ணெய் அல்லவா? 1999இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் அந்த மருந்து 43 விழுக்காடு சிசுக்களுக்குத்தான் வலிப்பை நிறுத்தியது. கோட்பாட்டுக்கு அது ஆதரவு போலத் தெரிந்தது. ஆனால் 2020இல் வந்த இன்னொரு சோதனையில் 80 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு வலிப்பு நின்றது, ஒப்பிட்ட இன்னொரு வலிப்பு மருந்தான லெவெடிராசெட்டமோ 28 விழுக்காடுதான். குளோரைடை உள்ளே ஏற்றும் புரதத்தை அடைக்கும் பியூமெட்டனைடு என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஐரோப்பியச் சோதனை, பலன் தெரியாமல், சில குழந்தைகளின் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டதால் பாதியில் நிறுத்தப்பட்டது. கோட்பாடு பொய் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. மனிதச் சிசு நிறைமாதத்தில் பிறக்கும்போது எலிக்குட்டியை விட முதிர்ந்த மூளையோடு பிறக்கிறது, அதற்குள் காபாவின் திருப்பம் பல இடங்களில் தொடங்கியிருக்கும். தசையிலும் அப்படித்தான். எலியில் பிறந்த பின் இரண்டு வாரத்தில் நடக்கும் காமா–எப்சிலான் மாற்றம் மனிதரில் கருவின் கடைசி மூன்று மாதங்களிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மேலும், மூளையில் காபா ஏற்பியின் துளை திறந்து கிடப்பதே மற்றத் தூண்டல்களைக் கசியவிட்டு மழுங்கடிக்கும். ஏற்பியின் வயது முக்கியம் என்று ஒப்புக்கொண்டால், எந்த விலங்கின் எந்த நாள் மனிதரின் எந்த வாரத்துக்கு ஈடு என்பதும் முக்கியம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் ஆய்வுக்கூடத்திலிருந்து நேரே தொட்டிலுக்குத் தாவியதுதான் பியூமெட்டனைடு சோதனையின் பிழை என்று கருதுகிறேன். குறைமாதக் குழந்தைக்கும் நிறைமாதக் குழந்தைக்கும் ஒரே விடை இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் அதே வகைப் பிழை.

இன்னொரு மறுப்பு: குழந்தைக்கு மருந்து வேறாக வேலை செய்வதற்குக் கல்லீரல், சிறுநீரகம், உடம்பின் நீர் ஆகியவையே போதிய காரணம், ஏற்பியை இழுப்பானேன்? பாதி உண்மை. கைக்குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்குப் பெரியவரைவிட மிகுதியான ஸ்கோலின் வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணம் ஏற்பி அல்ல, குழந்தையின் உடம்பில் செல்லுக்கு வெளியே உள்ள நீர் மிகுதி என்பதே. இப்படிப்பட்ட இடங்களில் எடைக் கணக்கைத் திருத்தினால் போதும். ஆனால் தாய்க்கு ஒன்றும் செய்யாத எதிர்ப்புப் புரதம் கருவை முடக்கியதை எந்த எடைக் கணக்காலும் விளக்க முடியாது. அளவு திருத்த வேண்டிய இடம் எது, கேள்வியையே மாற்ற வேண்டிய இடம் எது என்று பிரித்தறிவதுதான் வேலை. பெற்றோரின் அச்சத்துக்கும் இந்தப் பிரிப்பு உதவும். என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைக்கும் கெட்டமின் போன்ற மயக்க மருந்துகள் எலிக்குட்டிகளின் மூளைச் செல்களைச் சாகடித்தது 1999இல் தெரியவந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் மூன்று வயதுக்குட்பட்டோருக்கு நீண்ட நேர, மீண்டும் மீண்டும் தரும் மயக்க மருந்து பற்றி எச்சரித்தது. அதே வேளை, கைக்குழந்தைகளுக்கு ஒரு மணிக்கும் குறைவாக ஒருமுறை தந்த மயக்க மருந்து, ஐந்து வயதில் அறிவுத்திறனில் வேறுபாடு எதையும் ஏற்படுத்தவில்லை என்று பல நாடுகளில் நடந்த சோதனை 2019இல் காட்டியது. குடலிறக்கத்துக்கு அறுவை தேவைப்படும் குழந்தையை, எலி ஆய்வைக் கேள்விப்பட்டு வீட்டில் வைத்திருப்பது தவறு.

சென்னிமலையைச் சுற்றிக் கீழ்பவானி வாய்க்கால் பாயும் நிலத்துக்கு வந்தால் வாதம் இன்னும் நேராகிறது. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் அசிட்டைல்கொலினைச் சிதைக்கும் நொதிகளைத்தான் முடக்குகின்றன. அப்போது அசிட்டைல்கொலின் தேங்கி, எல்லா ஏற்பிகளையும் விடாமல் தட்டுகிறது. பெரியவருக்கு வாயில் நீர் ஒழுகும், கண்மணி சுருங்கும், தசை துடித்துச் சோரும், அதனால் மருந்தடித்தவர் உடனே அறிந்துகொள்கிறார். அந்த அளவுக்கு வராத சிறு அளவு கருவில் என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. கருவின் மூளையில் இதே தூதுப்பொருள் இணைப்புகளை வழிநடத்தும் வேலையிலும் இருக்கிறது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம், பிறக்கும்போது தொப்புள்கொடி இரத்தத்தில் இந்த வகைப் பூச்சிமருந்தான குளோர்பைரிபாஸ் மிகுந்திருந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. ஏழு வயதில் அவர்களுடைய வேலை நினைவாற்றலும் அறிவுத்திறன் மதிப்பெண்ணும் குறைந்திருந்ததை 2011இல் அறிவித்தது. அந்தத் தாய்மார்கள் யாரும் நஞ்சேறி மருத்துவமனைக்குப் போனவர்கள் அல்லர். ஒரே ஒரு நகரத்துக் குழு இது, வறுமை உட்பட வேறு காரணங்கள் கலந்திருக்கலாம் என்பது நியாயமான ஐயம். ஆனால் ஐயம் இருக்கும் வரை கர்ப்பிணி மஞ்சள் காட்டில் மருந்தடித்த மறுநாளே களை எடுக்கலாம் என்று அந்த ஐயத்திலிருந்து முடிவு வராது. புகையிலையும் இதே ஏற்பி வழியில்தான் வருகிறது. நிகோட்டின் ஒட்டும் ஏற்பிகள் கருவின் மூளையில் முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. வெற்றிலையோடு புகையிலை போடுவது புகை இல்லாததால் குழந்தைக்குத் தீங்கில்லை என்ற எண்ணம் தவறு. மும்பையில் 1,217 பெண்களிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், புகையில்லாப் புகையிலை பயன்படுத்திய தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்திருந்தன.

இரண்டு தொல்லைகளுக்கும், அதாவது பூச்சிமருந்து நஞ்சுக்கும் ஸ்கோலின் சிதையாத ஆபத்துக்கும், பார்க்கும் இரத்தச் சோதனை ஒன்றே. சீரம் கொலினெஸ்டரேஸ் அளவு. பூச்சிமருந்து குடித்து வருபவர்களுக்குப் பெரிய மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யப்படுவதுதான். ஆரிய வைசியக் குடும்பத்தில் ஒருவருக்கு இந்தக் குறை தெரிந்தால், அறுவைக்கு முன் மற்ற உடன்பிறந்தவர்களுக்கும் அதைச் செய்து, முடிவை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்வது பெரிய செலவில்லை. அவர்கள் பூச்சிமருந்து அருகில் போகாமல் இருப்பதும் நல்லது. இரத்தத்திலுள்ள அந்த நொதி நஞ்சில் ஒரு பங்கை வழியிலேயே பிடித்துக்கொள்ளும் காவலும் ஆகும். குழந்தைக்கு இந்தச் சோதனை செய்யும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பிறந்த சிசுவின் இரத்தத்தில் இந்த நொதி இயல்பாகவே பெரியவரின் அளவில் ஏறக்குறைய பாதிதான். பெரியவருக்கான எல்லைக்கோட்டை வைத்து அந்த எண்ணைப் படித்தால் நலமான குழந்தைக்கும் குறை என்று எழுதுவோம், வயதுக்கான எல்லையோடு படித்தால்தான் உண்மையில் நொதி இல்லாத குழந்தை யார் என்று தெரியும். ஆய்வகங்கள் அறிக்கையில் அச்சிடும் அந்த ஒற்றை எல்லைக்கோட்டை வயதுவாரியாக மாற்றி அச்சிட்டால், இந்த வேலையின் முதல் படி ஆகிவிடும்.